கோடைக்கானலில் ஒரு காதல் மெட்டு

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகள் வழக்கமாகப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. ‘இரத்தம் காயம் குத்தும்’ என்று தொடங்கும். கோடைக்கானலில் அந்தப் பருவத்தில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். பிற்பகலில் மேகம் ஏறிவந்து கோவில் சன்னலை வெளுப்பாக்கிவிடும். அந்த வெளிச்சத்தில், ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து, சபை முழுவதும் இதைப் பாடும்போது துக்க வீட்டுக்கென்றே பிறந்த மெட்டு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் அது காதல் பாட்டாகப் பிறந்தது. நியூரம்பெர்க் நகரத்து ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் அச்சிட்ட ‘இன்பத் தோட்டம்’ என்ற பொருள் தரும் தொகுப்பில், ஒரு மெல்லியலாளால் மனம் குழம்பிப்போன இளைஞன் பாடுகிற பாட்டு அது. அப்போது அதன் நடையில் துள்ளல் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் பக்திப் பாட்டு ஒன்றுக்கு அந்த மெட்டை எடுத்துக்கொண்டார்கள். 1656இல் பவுல் கெர்ஹார்ட், இடைக்கால லத்தீன் கவிதை ஒன்றைத் தழுவி, சிலுவையில் தொங்கும் தலையை நோக்கிப் பாடும் ஜெர்மன் பாட்டை எழுதினார். அதுவும் இந்த மெட்டில் ஏறிக்கொண்டது. பாடப்பாடத் துள்ளல் தேய்ந்து, எல்லாச் சுரங்களும் ஒரே நீளத்தில் நடக்கும் கனத்த நடை வந்தது. 1727 பெரிய வெள்ளியன்று லைப்சிக் நகரின் தோமா கோவிலில் அரங்கேறியதாகக் கருதப்படும் மத்தேயு பாடுகளின் இசையில் யோஹான் செபாஸ்டியன் பாக் இதே மெட்டை ஐந்து முறை திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார். அங்கே பாடிய சிறுவர் குழு 1212இல் தொடங்கிய மரபைச் சேர்ந்தது, இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது.

மேல்நாட்டில் ‘பழைய இசை’ என்பது ஒரு தனித் துறை. ஏறக்குறைய பாக் இறந்த 1750ஆம் ஆண்டுவரை எழுதப்பட்டவற்றை, அந்தக் காலத்துக் கருவிகளோடும் குரல் முறையோடும் ஆராய்ந்து பாடுவதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன. கோடைக்கானல் கடைவீதியில் நின்று ‘இங்கே பழைய இசை பாடுகிறவர்கள் உண்டா?’ என்று கேட்டால் கிஷோர் குமாரா, பாகவதரா என்று திருப்பிக் கேட்பார்கள். ஆயினும் 1601ஆம் ஆண்டின் மெட்டு ஒன்று இந்த மலையில், பழையது என்ற உணர்வே இல்லாமல், பாடப்படுகிறது. அதே சமயம், இந்த மலையில் ஒருகாலத்தில் நாள்தோறும் ஒலித்த இன்னொரு இசை, இதைவிட ஏழெட்டு நூற்றாண்டு மூத்தது, ஓய்ந்துபோயிற்று. ஒன்று ஏன் தங்கியது, மற்றது ஏன் போனது என்பதுதான் எனக்கு இதில் சுவையான கேள்வி.

முதலில் தங்கியதைப் பார்ப்போம். இது கடல் வழியாகத் தரங்கம்பாடிக்கு வந்த மரபு. 1706இல் லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு அங்கே இறங்கினார். லுத்தரன் சபையில் பாட்டு என்பது பீடத்தில் நிற்பவருடையது அல்ல, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருடையது. ஆகவே சபை தன் மொழியில் பாடியே தீரவேண்டும். சில ஆண்டுகளிலேயே ஜெர்மன் பாட்டுகள் தமிழில் ஞானப்பாட்டுகளாயின. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபப்ரீசியஸ் அந்த வேலையைப் பெரிதாக வளர்த்தார். 1840களில் தரங்கம்பாடிப் பணியை ஏற்றுக்கொண்டது லைப்சிக் மிஷன் என்பது இன்னொரு பொருத்தம்: பாக் வாழ்ந்த ஊரின் பாட்டுப் புத்தகம் காவிரிக் கழிமுகத்துக்கு நேர்வழியில் வந்து சேர்ந்தது.

மொழிபெயர்த்தவர் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஜெர்மன் மூலத்தில் முதல் வரிக்கு ஏழு உயிரொலி, இரண்டாவதற்கு ஆறு. தமிழில் எண்ணிப் பாருங்கள்: இ, ரத், தம், கா, யம், குத், தும். ஏழு. ‘நிறைந்து நிந்தைக்கே’ என்பதில் நி, றைந், து, நிந், தைக், கே. ஆறு. எண்ணிக்கை பொருந்துவது பெரிய காரியமில்லை. யார் வேண்டுமானாலும் விரல்விட்டு எண்ணிப் பொருத்திவிடலாம். மெட்டு தாளம் விழுவதற்கு முன்பே ஒரு சுரத்தில் தொடங்குகிறது. கர்நாடக இசைக்காரர்கள் அதீத எடுப்பு என்பார்களே, ஏறத்தாழ அது. அந்த முன்சுரத்தில் மிகச் சரியாக ‘இ’ என்ற குறில் உட்காருகிறது. அழுத்தம் விழும் இடங்களில் ‘ரத்’, ‘கா’, ‘குத்’ என்று ஒற்றடுத்த குறிலும் நெடிலும் மாறி மாறி வருகின்றன. அழுத்தம் விழும் இடம் எதிலும் மெலிந்த அசை இல்லை. போதாததற்குப் பொருளும் வரிக்கு வரி ஒத்துப்போகிறது: இரத்தமும் காயமும் முதல் வரியில், நிந்தை இரண்டாம் வரியின் கடைசியில், மூலத்தில் உள்ளபடியே. தமிழ் யாப்பும் ஜெர்மன் மெட்டும் அறிந்த ஒருவர், அல்லது ஒருவருக்கொருவர் ஈடுகொடுத்த இருவர், மேசையில் உட்கார்ந்து செய்த வேலை இது.

இப்படி மேல்நாட்டு மெட்டுக்குத் தமிழ் போட்ட பாட்டைப் பாமாலை என்பார்கள். எல்லாப் பாமாலைப் பாட்டுக்கும் இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. நிறையப் பாட்டுகளில் குறிலின்மேல் நீண்ட சுரம் விழுந்து, ‘பல’ என்பது ‘பால’ ஆகும், ‘கல்’ என்பது ‘கால்’ ஆகும். பாடுகிறவர்களுக்குப் பழகிவிட்டது, புதிதாகக் கேட்கிற தமிழாசிரியருக்குத்தான் நெஞ்சு வலிக்கும்.

இந்தக் குறையைக் கண்டு வேறு வழி தேடியவர் ஒருவர் பழநி மலையின் அடிவாரத்திலேயே இருந்தார். 1834இல் மதுரையில் கால்வைத்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் திண்டுக்கல்லில் பணியாற்றினார். 1853இல் அவர் வெளியிட்ட கிறிஸ்தவக் கீர்த்தனைத் தொகுப்பில் பெரும்பங்கு தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்கள். (மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு. இரண்டு பேரையும் ஒருவராக்கும் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.) சாஸ்திரியார் 1774இல் பிறந்தவர், தியாகராஜருக்கு ஏழு வயது இளையவர். அதாவது, வெப் தொகுத்தபோது பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனை வடிவம் ‘மரபு’ அல்ல. தஞ்சையில் அந்தத் தலைமுறையின் சமகால இசை. இன்று கோவில்களில் கீர்த்தனையைப் ‘பாரம்பரியம்’ என்றும் பாமாலையை ‘வெள்ளைக்காரர் பாட்டு’ என்றும் பிரித்துப் பேசுகிறவர்கள், இவற்றில் வயதில் மூத்தது பாமாலையின் மெட்டுதான் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

இதே அமெரிக்க மிஷன்தான் 1845இல் கோடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியது. சமவெளியில் காலராவும் காய்ச்சலும் மிஷனெரிக் குடும்பங்களைத் தின்றுகொண்டிருந்தன. முதலில் சிறுமலையில் முயன்றார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. ஆகவே ஏழாயிரம் அடி. பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து நடையாகவும் டோலியிலும்தான் ஏற்றம். மலைச்சாலை முதலாம் உலகப் போர்க் காலத்தில்தான் திறந்தது. அதுவரை மேலே போன ஒவ்வொரு பொருளும் யாரோ ஒரு கூலியாளின் தலையிலோ தோளிலோ போனது. மலைக்கோவில்களின் இசை வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கூலிக்கணக்கை விட்டுவிடுகிறார்கள். பெரிய குழல் ஆர்கன் ஒன்றை அப்படி ஏற்றுவது நினைத்துப் பார்க்கும் காரியமல்ல. ஆர்மோனியம் அப்படியல்ல. பாரிஸில் தெபேன் 1842இல் காப்புரிமை பெற்ற அந்தப் பெட்டி மிஷன்களோடு உலகம் முழுவதும் போனதற்கு முக்கியக் காரணம் அதன் எடை.

குளிரும் அதன் பக்கம்தான் பேசியது. குழல் ஆர்கனின் சுருதி காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. 30 டிகிரியில் சுருதி சேர்த்த குழல் 10 டிகிரிக்கு வந்தால், அதில் ஓடும் ஒலியின் வேகம் குறைந்து, சுருதி அரைச் சுரத்தில் பாதிக்கும் சற்றுக் கூடுதலாக இறங்கிவிடும். ஆர்மோனியத்தின் பித்தளை நாக்குகள் அவ்வளவு அசையா. மலையின் உயரம் இதில் குற்றவாளி அல்ல என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். காற்று மெலிந்தாலும் ஒலியின் வேகம் வெப்பத்தைத்தான் கேட்கும், அழுத்தத்தை அல்ல. மெலிந்த காற்று தண்டிப்பது பாடுகிறவரின் மூச்சை. சமவெளியிலிருந்து வந்த பாடகர் முதல் இரண்டு நாள் நீண்ட வரியின் நடுவில் தவித்துப்போவார்.

பாடகர் குழு என்ற ஏற்பாட்டுக்கு மலை வாசஸ்தலம் இயல்பாகவே தோதான இடம். ஏப்ரல், மே மாதங்களில் பல மிஷன்களின் ஆட்கள் ஒரே ஊரில் கூடுவார்கள். நான்கு குரலும் தேறிவிடும். பெண்களில் உச்சக் குரல், தாழ்குரல். ஆண்களில் உச்சக் குரல், அடிக்குரல். ஒற்றை மெட்டும் ஒரு தம்பூராச் சுருதியும் போதும் என்று பழகிய தமிழ்க் காதுக்கு இது முதலில் குழப்பமாக இருந்திருக்கும். பக்கத்தில் நிற்பவர் வேறு எதையோ பாடுகிறார், ஆனால் தவறாகப் பாடவில்லை என்பதை நம்புவதற்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைத் தமிழ்நாட்டில் எளிதாக்கியது சோல்ஃபா முறை. இங்கிலாந்தில் ஜான் கர்வென் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய அதில், கோடும் புள்ளியும் இல்லாமல் எழுத்துகளாலேயே சுரங்களைக் குறிப்பார்கள். சரிகம தெரிந்த ஊருக்கு அதில் புதுமையாக என்ன இருக்கிறது? அதனால்தான் சட்டென்று பிடித்துக்கொண்டது.

இனி ஓய்ந்துபோன இசைக்கு வருகிறேன்.

கோடைக்கானலின் சலேத் மாதா கோவில் 1866இல் எழுந்தது. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் 1846இல் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் ஊரின் பெயரை, இருபதே ஆண்டுகளில் பழநி மலையில் கொண்டுவந்து வைத்தவர்கள் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள். 1895இல் அவர்கள் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். குருமாணவர்கள் பயிலும் இல்லம் அது. அதன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தையும் ஆர்க்கிட் சேகரிப்பையும் பார்க்காத சுற்றுலாப் பயணி குறைவு. ஆனால் அந்தக் கட்டடம் எழுபது ஆண்டுகள் லத்தீன் பாட்டின் வீடாகவும் இருந்தது என்று எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. கத்தோலிக்கத் துறவற சபைகளிலேயே பாட்டைச் சட்டத்தால் விலக்கி வைத்தது இயேசு சபைதான். மற்ற துறவிகள் நாளுக்கு ஏழெட்டு வேளை கோவிலில் கூடிச் சங்கீதங்களைப் பாடியாக வேண்டும். தம் ஆட்கள் ஊர் ஊராகப் போகவேண்டியவர்கள், அவர்களைப் பாட்டுப் பலகையில் கட்டிப்போட முடியாது என்று சபையை நிறுவிய இஞ்ஞாசியார் விதி எழுதினார். அவருக்கு இசை பிடிக்காமலில்லை. மிகவும் பிடிக்கும் என்பதுதான் செய்தி. அவர் இறந்த இரண்டே ஆண்டில், 1558இல், நான்காம் சின்னப்பர் பாடியே ஆகவேண்டும் என்று உத்தரவிட்டார். அந்தப் பாப்பரசர் மறைந்ததும் உத்தரவும் மறைந்தது. ஐந்தாம் பத்திநாதர் மீண்டும் கட்டாயமாக்கினார், அடுத்து வந்தவர் மீண்டும் தளர்த்தினார். ‘இயேசு சபைக்காரன் பாடமாட்டான்’ என்ற லத்தீன் கேலிமொழி இன்றும் உண்டு.

ஆனால் அதே சபையின் ரோமக் கல்லூரி ஒன்றில்தான் ஸ்பெயினின் மாபெரும் பக்தி இசைக்காரர் தோமாஸ் லூயிஸ் தெ விக்டோரியா 1560களில் பயின்றார், பிறகு கற்பித்தார். தென் அமெரிக்காவின் சிக்கித்தோஸ் பகுதியில் இயேசு சபையினர் பழங்குடி ஊர்களில் பரோக் இசைக்குழுக்களையே நடத்தினார்கள். அங்கிருந்து ஆயிரக்கணக்கான பக்கம் இசைப் படிகள் 1970களில் மீட்கப்பட்டன. அந்த இசைக்குழுக்கள் நடந்த காலத்திலேயே தமிழ்நாட்டிலும் அதே சபைதான் பணியாற்றியது. ஆனால் இங்கே அவர்கள் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே வயலின் செய்து கொடுத்தவர்களின் சகோதரர்கள் இங்கே விருத்தம் எழுதினார்கள். வீரமாமுனிவரின் தேம்பாவணி 1726. கேட்பவரின் பெருமை எதில் இருக்கிறது என்று பார்த்துச் செய்த தேர்வு அது என்று நினைக்கிறேன். இலக்கணமும் காப்பியமும் உள்ள ஊரில் பிடில் எதற்கு?

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டு, 1814இல் மீண்டும் உயிர்பெற்று, 1830களின் இறுதியில் மதுரைப் பகுதிக்குத் திரும்பியது. திரும்பியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சலேத் கோவிலின் முதல் பூசைகளில் ஒலித்த லத்தீன் பாட்டை இன்று குறுந்தகட்டில் கேட்கும், கிரகோரியன் என்று பெயர்பெற்ற பழைய லத்தீன் வழிபாட்டுப் பாட்டின் மிதக்கும் இசையாகக் கற்பனை செய்யக் கூடாது. அந்த மிதக்கும் நடை, பிரான்சின் சொலெம் மடத்துத் துறவிகள் பத்தாம் நூற்றாண்டுச் சுவடிகளைப் படம் பிடித்து, ஒப்பிட்டு, மீட்டெடுத்தது. அவர்களுடைய பெரிய பாட்டுப் புத்தகம் 1883இல்தான் அச்சானது. அதற்கு முந்திய பிரெஞ்சுக் கோவில்களில் அதே பாட்டுகளைச் சுரம் சுரமாகத் தட்டி, கனமாகப் பாடினார்கள். பல ஊர்களில் பாம்புபோல் வளைந்த ‘சர்ப்பம்’ என்றே பெயர்கொண்ட ஊதுகருவி கூடவே உறுமும். ரோமோ வேறு ஒரு புத்தகத்துக்கு, 1614ஐ ஒட்டி வெட்டிச் சுருக்கிய பதிப்பின் மறு அச்சுக்கு, ஒரு ஜெர்மன் அச்சகத்தாருக்கு 1901 வரை தனியுரிமை கொடுத்திருந்தது.

முடிச்சு அவிழ்ந்தது 1903 நவம்பர் 22 அன்று. பத்தாம் பத்திநாதர் இசை குறித்து ஓர் ஆணை வெளியிட்டார். நாடகக் கொட்டகை இசை கோவிலுக்குள் வரக் கூடாது, பியானோ கூடாது, மேளதாள இரைச்சல் கூடாது. கிரகோரியன் இசையே முதல் முன்மாதிரி, அடுத்தது 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசைக்காரர் பாலஸ்த்ரீனா காலத்துப் பல்குரல் இசை. பாடகர் குழு வழிபாட்டில் ஓர் ஊழியம் என்பதால் பெண்கள் அதில் சேரக் கூடாது. உச்சக் குரல் வேண்டுமானால் சிறுவர்களை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி விதியைப் படிக்கும்போது நம் ஊர்ப் பங்குக் கோவில்களை நினைத்துச் சிரிப்பு வருகிறது. இன்று பெண்கள் இல்லாவிட்டால் எந்தப் பங்கில் பாட்டு நடக்கும்?

ஆண்கள் மட்டுமே வாழும் செண்பகனூர் போன்ற இல்லத்துக்கு அந்த விதியால் சங்கடமில்லை. தத்துவப் பாடத்தையே லத்தீனில் படித்த தலைமுறைக்கு லத்தீனில் பாடுவதும் பெரிதல்ல. அடிவாரக் கிராமத்துப் பங்குகளில் கதை வேறு. என் அப்பாயி மாதா பிரார்த்தனையின் பதில் மொழியை ‘ஓராப்ரோநோபிஸ்’ என்று ஒரே மூச்சில், ஊர்ப் பெயர்போல, சொல்லிக்காட்டுவார். பொருள் கேட்டால், ‘மாதாவுக்குத் தெரியும்’ என்பார். பாட்டுப் பூசையில் உபதேசியார் பக்கத்தில் நிற்கும் நாலைந்து சிறுவர்கள் பாட, மற்றவர்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள்.

கிரகோரியன் இசையைத் தமிழர் காதுக்கு விளக்க வெளிநாட்டு உவமை தேவையில்லை. பழநிக் கோவிலில் ஓதுவார் நின்று பாடுவதைக் கேட்டால் போதும். தேவாரத்தைத் தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம். தாளமில்லாமல், சொல்லின் நடையையே நடையாகக் கொண்டு பாடுவது சுத்தாங்கம். கிரகோரியன் இசை முழுவதும் சுத்தாங்கம். ஒற்றை மெட்டு, பக்கவாத்தியமில்லை, பண்ணைப்போல எட்டு வகைமுறை. வயதும் நெருக்கம்: சம்பந்தரும் அப்பரும் ஏழாம் நூற்றாண்டு, கிரகோரியார் பெயரில் வழங்கும் இசை அவர் காலத்தது என்பது கதை, அது இப்போதைய உருவை அடைந்தது எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில். இராசராசன் தஞ்சைப் பெரிய கோவிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கைக்கு ஒருவரையும், கொட்டி மத்தளத்துக்கு ஒருவரையும் நியமித்து நெல் அளந்த கல்வெட்டு இருக்கிறதே, அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள்தான் இத்தாலியில் கீதோ என்ற துறவி கோடுகளின்மேல் சுரம் எழுதும் முறையைச் செப்பனிட்டார். அங்கே மெட்டுக்கு எழுத்து கிடைத்தது. இங்கே பாடுகிறவருக்கு நெல் கிடைத்தது. மெட்டு நிலைக்க எது உறுதியான வழி என்று இன்றுவரை என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு வெளிவந்தது. லத்தீனையும் கிரகோரியன் இசையையும் அந்த ஏடுதான் ஒழித்தது என்பார்கள். அப்படியில்லை. ரோமை வழிபாட்டில் கிரகோரியன் இசைக்கே முதலிடம் என்று அதன் 116ஆம் எண் சொல்கிறது. மறைபரப்பு நாடுகளின் சொந்த இசைக்கு உரிய மதிப்புக் கொடுங்கள் என்று 119 சொல்கிறது. தாய்மொழிக்கும் வாசல் திறந்தது. மூன்றும் ஒரே ஏட்டில் அமைதியாக அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. பங்குகளில் அமைதியாக உட்காரவில்லை. ஓரிரு ஆண்டுகளில் பூசை திருப்பலியாயிற்று, ‘சுவாமி கிருபையாயிரும்’ என்பது ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ ஆயிற்று, குரு மக்களைப் பார்த்துத் திரும்பினார், பாட்டுப் புத்தகம் முழுவதும் புதிதாயிற்று. மக்கள் அழவில்லை. புரியும் மொழி கிடைத்தவர்கள் எதற்காக அழவேண்டும்?

இதே ஆண்டுகளில் மேல்நாட்டில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லண்டனில் பழைய இசைக்கென்று ஒரு கன்சார்ட், அதாவது இசைக்குழு, 1967இல் தோன்றியது. 1973இல் டாலிஸ் ஸ்காலர்ஸ் என்ற குழு பிறந்து, கோவில்கள் கைவிட்ட பல்குரல் பூசைகளை மேடையில் பாடத் தொடங்கியது. 1974இல் ஆறாம் சின்னப்பர், எல்லோரும் குறைந்தது இவ்வளவாவது பாடத் தெரிந்திருங்கள் என்று சில எளிய லத்தீன் பாட்டுகளைச் சிறு புத்தகமாக ஆயர்களுக்கு அனுப்பினார். பெரும்பாலான ஊர்களில் அது அலமாரிக்குப் போயிற்று. 1994இல் ஸ்பெயினின் சீலோஸ் மடத்துத் துறவிகளின் பழைய பதிவு ஒன்று இசைத்தட்டாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதைக் கோவிலில் கேட்டதில்லை. பழைய இசைக்கென்று தனிப் பாடகர் குழு எப்போது தோன்றுகிறது என்பதற்கு இதுவே விடை. வழக்கத்தில் இருக்கும்வரை அதற்குக் குழு தேவைப்படுவதில்லை, ‘பழைய’ என்ற அடைமொழியும் தேவைப்படுவதில்லை.

அப்படியானால் செண்பகனூரின் மெட்டுகளுக்கு ஏன் யாரும் ‘இரத்தம் காயம் குத்தும்’ போலத் தமிழ் போட்டுக் காப்பாற்றவில்லை? அலட்சியம் மட்டும் காரணமல்ல. வடிவமே இடம் கொடுக்கவில்லை. ஹாஸ்லரின் மெட்டு எண்ணி அளந்த வரிகளுக்கானது. ஏழுக்கு ஏழு, ஆறுக்கு ஆறு வைத்தால் எந்த மொழியும் உட்காரும். கிரகோரியன் மெட்டோ பெரும்பாலும் உரைநடையின் மேல் நெய்தது. வாக்கியம் எங்கே அழுந்துகிறதோ அங்கே மெட்டு ஏறும், கடைசி அழுத்த அசையைக் கண்டு இறங்கும். தமிழில் அப்படி ஓங்கி விழும் அழுத்தம் சொல்லுக்குள் கிடையாது. கீரியே எலெய்சோன் என்பதில் ஏழு உயிரொலி. ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்பதில் பத்து. மேலும், ஒரே உயிரொலியில் இருபது முப்பது சுரம் இழையும் இடங்கள் லத்தீனில் எந்தச் சொல்லில் வருமென்பது முன்பே முடிவானது. தமிழில் வாக்கியம் தலைகீழாகத் திரும்புவதால் ‘அல்லேலூயா’வுக்கு நெய்த சரிகை ‘ஆகையால்’ மேல் போய் விழும்.

தமிழ்க் கத்தோலிக்கரிடம் உரைநடையைப் பாடும் மரபு இல்லாமலும் இல்லை. ஈழத்தில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வஸ் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் பல ஊர்களில் இழுத்துப் பாடுகிறார்கள். ஒப்பாரியின் இறக்கம் அதில் இருக்கிறது. சுவடியில் சுரம் கிடையாது, பாடுகிறவர் தம் மூத்தவரிடம் கேட்டதுதான். நம்மூரில் பழைய வழிபாட்டு இசைக்கென்று ஒரு குழு அமைப்பவர், விக்டோரியாவின் நான்கு குரல் படிகளைத் தேடுவதற்கு முன்னால் இதைப் பாடும் முதியவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்காரவேண்டும் என்பது என் கட்சி. விக்டோரியாவின் படிகள் அச்சில் இருக்கின்றன, எங்கேயும் போய்விடா.

லத்தீனிலிருந்து தமிழுக்குத் தப்பி வந்த பாட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் வாதம் ஓட்டையாகும். நற்கருணை ஆசீர்வாதத்தில் பாடும் ‘தாந்தும் எர்கோ’. 13ஆம் நூற்றாண்டில் அக்குவினோ தோமையார் நற்கருணைத் திருநாளுக்கு எழுதிய நீண்ட பாட்டின் கடைசி இரண்டு கண்ணிகள் அவை. உரைநடையல்ல, அளந்த அடிகள். ஆகவே தமிழில் ‘மாண்புயர்’ என்று தொடங்கி இயல்பாக உட்கார்ந்துவிட்டது. மலைப் பங்குகளில் மாலை வேளையில், தூபப் புகையும் கதவு வழியே நுழையும் மேகமும் எது எதுவென்று தெரியாமல் கலக்கும்போது, பாடகர் குழு தொடங்குவதற்கு முன்பே கடைசிப் பெஞ்சுக் கிழவிகள் அதைத் தொடங்கிவிடுவார்கள். பழைய முறைகள் விலகிப் புதிய வழிபாட்டுக்கு இடம் கொடுக்கட்டும் என்று அதன் முதல் கண்ணியிலேயே ஒரு வரி வருகிறது.